கிழட்டுக் காரில் என்ன சுகம்?

இரண்டாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



கதவைச் சாத்தினால் "டமார்" என்று சத்தம். ஏ.சி. கிடையாது. பவர் ஸ்டியரிங் கிடையாது. மழை வந்தால் வைப்பர் ஒரு பக்கம் போய்விட்டு யோசித்துத்தான் திரும்பி வரும். உதிரி பாகம் வேண்டுமென்றால் நாலு ஊர் அலைய வேண்டும். இப்படிப்பட்ட ஒரு காரைக் காசு கொடுத்து வாங்கி, மேலும் காசு செலவழித்து, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தையும் விட்டுவிட்டு அதன் அடியில் படுத்துக் கிடக்கிற மனிதர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இவர்களுக்குப் பைத்தியமா? இல்லை, நமக்குத் தெரியாத ஏதோ ஒரு சுகம் அதில் இருக்கிறதா?

நம் பிரிவில் படிக்கிற எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பதில் தேடி நான் தெரிந்துகொண்டதை, நமக்குக் கிளாசில் நடத்திய பாடத்தோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எது பழைய கார்?

பழசெல்லாம் பொக்கிஷம் ஆகிவிடாது. இதற்கென்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 1919 முதல் 1930 முடியச் செய்யப்பட்ட கார்களை 'வின்டேஜ்' என்பார்கள். அதற்கும் முந்தியவை 'வெட்டரன்', 'எட்வர்டியன்' வகைகள். பிற்காலத்தில் வந்து, பேர் வாங்கி, இப்போது பேணப்படுபவை 'கிளாசிக்'. பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான எஃப்.ஐ.வி.ஏ. 1966-ல் தொடங்கப்பட்டது. அது சொல்லும் இலக்கணம் எளிமையானது. வண்டிக்குக் குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், பழைய வடிவம் கெடாமல் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும், தினசரிப் போக்குவரத்துக்கு ஓடக்கூடாது.

நம் நாட்டிலும் 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 'வின்டேஜ் வாகனம்' என்று ஒரு தனி வகையைக் கொண்டுவந்தது. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் ஏதும் செய்யாமல் வைத்திருக்கிற காரும் பைக்கும் இதில் வரும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின்னால் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அது பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக என்று மட்டும் ரோட்டில் ஓட்டலாம். வாடகைக்கு ஓட்டவோ, தினமும் ஆபீஸ் போகவோ கூடாது.

மெட்ராஸில் பிறந்த ஹெரால்ட்

பழைய கார் என்றதும் நம் ஆட்களுக்கு அம்பாசடரும் பத்மினியும்தான் ஞாபகம் வரும். வங்காளத்து உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கிய அம்பாசடர் 2014 மே வரைக்கும் வந்தது. பம்பாயின் பிரீமியர் பத்மினியை, உற்பத்தி நின்ற பிறகும் ரொம்ப காலம் கறுப்பு மஞ்சள் டாக்சியாகப் பார்த்தோம். 2023 அக்டோபர் கடைசியில் அந்த டாக்சியும் ரோட்டை விட்டுப் போய்விட்டது. ஆனால் நம்ம மாநிலத்திலேயே, வண்டலூர் பக்கத்தில் பிறந்த ஒரு கார் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? அதுதான் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்!

இதன் கதை சுவாரசியமானது. 1959-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் டிரையம்ப் கம்பெனி 'டிரையம்ப் ஹெரால்ட்' காரை வெளியிட்டது. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற கார்கள் சேஸி தனியாக, பாடி தனியாக என்ற முறையை விட்டுவிட்டு, எல்லாம் ஒன்றாக வெல்டு செய்த கூடாக மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்ட் மட்டும் பழையபடி தனி சேஸியிலேயே வந்தது. ஏன்?

கம்பெனிக்கு ஒரு கஷ்டம். அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுப் பாடியையும் ஒரே இடத்தில் செய்துகொடுக்க ஆள் இல்லை. சரி என்று பாடியைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேறு வேறு இடங்களில் செய்து, சேஸி மேலே போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி வடிவமைத்துவிட்டார்கள்.

அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது நமக்கு வசதியாகப் போனது. போல்ட் போட்டு மாட்டுகிற கார் என்றால், பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி வேறு நாட்டில் இறக்கிப் பூட்டலாம் அல்லவா? 1961-ல் மெட்ராஸின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஹெரால்டைச் செய்யத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களை இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நம்ம ஊர்க் குடும்பத்துக்கு அது போதுமா? பாட்டி, பேரன், தூக்குச்சட்டி எல்லாம் ஏறி இறங்க வேண்டாமா? 1960களின் பிற்பாதியில் நாலு கதவு ஹெரால்ட் இங்கே வந்தது. உலகத்தில் வேறு எங்கும் செய்யாத ஹெரால்ட் அது!

1970களில் 'கஸல்' என்ற பேரில் அதன் அடுத்த வடிவம் வந்தது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் எடுபடவில்லை. 1980களின் கடைசியில் கார் உற்பத்தி நின்றுவிட்டது. பின்னால் 2006-ல் பிரிட்டனிலுள்ள ஓர் உதிரிபாக வியாபாரி, இங்கே மிச்சமிருந்த ஸ்டாண்டர்ட் 2000 பாகங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கார் பிரிட்டனின் ரோவர் காரை வைத்துச் செய்தது. அங்குள்ள பழைய ரோவர் பிரியர்களுக்கு அந்தத் தகடும் கதவும் தேவைப்பட்டன. நாம் தூசி தட்டாமல் போட்டு வைத்ததை இன்னொருவர் கப்பல் ஏற்றிக்கொண்டு போனார் என்றால், அதில் ஏதோ விஷயம் இருக்கத்தானே செய்யும்?

திறந்தால் புரியும்!

முதல் சுகம் இதுதான். பழைய கார் எதையும் மறைக்காது.

ஹெரால்டின் பானெட்டைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்க மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக அப்படியே கவிழும். உள்ளே என்ஜின் நிர்வாணமாக நிற்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். குனிந்து முதுகு ஒடிய வேண்டாம். முன்சக்கரம் திரும்புகிற அளவு அதிகம். 25 அடி வட்டத்துக்குள் முழு வண்டியையும் திருப்பிவிடலாம். இன்றைய சிறிய கார்கள் பலவற்றுக்கு இது முடியாது.

ஆரம்ப கால என்ஜினின் போர் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76 மில்லிமீட்டர், நாலு சிலிண்டர். நாம் முதல் செமஸ்டரில் படித்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 948 சி.சி. சரியாக வரும்! சக்தி சுமார் 35 குதிரைத்திறன். அவ்வளவுதான். ஆனால் அந்த 35-ம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு இக்னிஷனை எடுத்துக்கொள்வோம். இன்றைய காரில் சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் கேட்டு, தீப்பொறி விடுகிறது. நாம் ஸ்கேனரைச் சொருகி, அது காட்டுகிற நம்பரைப் படிக்கிறோம். பழைய காரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன ஜோடி முனை. பட்டறையில் 'பிளாட்டினம்' என்பார்கள். அது திறக்கிற ஒவ்வொரு தடவையும் காயிலில் மின்காந்தம் சட்டென்று குலைந்து, பிளக்கில் பொறி பறக்கும். இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடினால் டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பாதி, 1,500 சுற்று. ஒரு சுற்றுக்கு நாலு பொறி. ஆக நிமிஷத்துக்கு 6,000 தடவை, வினாடிக்கு 100 தடவை அந்தச் சின்ன முனை திறந்து மூடுகிறது! எமரி பேப்பரால் தேய்த்து, ஃபீலர் கேஜ் விட்டு நாமே சரிசெய்துவிட்டு, திருப்பி ஸ்டார்ட் பண்ணும்போது அது பிடித்துக்கொண்டால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே... அதை எந்த ஸ்கேனரும் தராது.

கார்புரேட்டரும் அப்படித்தான். காற்று ஒடுங்கிய வழியில் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, பெட்ரோல் தானாக மேலே உறிஞ்சப்படுகிறது. பெர்னூலி தத்துவம் என்று போர்டில் எழுதிப் போட்டபோது எனக்குத் தூக்கம் வந்தது. பட்டறையில் பிரித்துப் போட்டுப் பார்த்தபோதுதான், "அட, இவ்வளவுதானா!" என்று புரிந்தது.

காதால் படிக்கிற படிப்பு

என் சொந்தக் கதை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எங்கப்பா விசைத்தறி ஓட்டியவர். தறிக்குடோனில் இருபது தறி ஒரே நேரத்தில் ஓடும். பக்கத்தில் நின்று பேசினால்கூடக் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள்ளேயே, "மூணாவது தறில பிக்கிங் ஸ்டிக் லூசாயிருக்கு, போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். போன வருஷம் அந்தத் தறிகளை எல்லாம் உடைத்து எடைக்குப் போட்டுவிட்டு, முதலாளி வேறு தறி இறக்கினார். இரும்புக்குக் கிலோ கணக்கில் விலை கிடைத்தது. எங்கப்பா காதில் இருந்த படிப்புக்கு யார் விலை போடுவது?

இதை எனக்கு உறைக்க வைத்தது ஒரு பழைய கார்தான். லீவு நாளில் நான் உதவிக்குப் போகிற பட்டறைக்கு ரிட்டையர்டு வாத்தியார் ஒருவரின் நாலு கதவு ஹெரால்ட் வரும். எங்க மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்காமலே, "சார், இன்னொருக்கா ஆக்சிலேட்டர் குடுங்க" என்பார். கண்ணை மூடிக் கேட்பார். "தம்பி, டேப்பட் சத்தம். மூணாவது சிலிண்டர். ஃபீலர் எடு" என்பார். எங்கப்பாவும் அவரும் ஒரே காலேஜில் படித்த மாதிரி இருக்கும் எனக்கு!

வாத்தியார் ஒருநாள் சொன்னார்: "இந்த வண்டிய வித்துட்டு புதுசு வாங்குங்கனு என் பையனே சொல்றான் தம்பி. புதுசு ஓட்டுனா நான் வெறும் பாசஞ்சர் மாதிரி இருக்கேன். இதுல உக்காந்தாத்தான் நான் ஓட்டுறேன்னு தெரியுது." சுகம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சேர்ந்து அனுபவிப்பது

இரண்டாவது சுகம், தனியாக அனுபவிக்க முடியாதது. பழைய கார் வைத்திருப்பவர் கண்டிப்பாக இன்னொரு பழைய கார்க்காரரைத் தேடிப் போவார். வேறு வழியில்லை. கம்பெனி இல்லை, ஷோரூம் இல்லை, சர்வீஸ் புத்தகம் அச்சில் இல்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தான் வண்டி உயிரோடு இருக்கிறது.

ஒரு உதாரணம். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குகிற தண்டின் அடிப்பகுதி மரை போட்டது. அது 'டிரன்னியன்' என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி நின்று, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சுழலும். இதற்குக் கிரீஸ் அடிக்கக்கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் என்ன ஆகும்? நாளாக நாளாக அது இறுகி மரை இடுக்கை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். ஒருநாள், பெரும்பாலும் மெதுவாக வண்டியைத் திருப்பும்போது, தண்டு படக்கென்று ஒடிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். நம்ம பட்டறைகளில் எதைப் பார்த்தாலும் கிரீஸ் கன்னை வைத்து அமுக்குவதுதான் பழக்கம். இந்த ஒரு வரி தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து! உலகம் முழுக்க ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்கியவருக்கு முதலில் சொல்வது இதைத்தான்.

பின்சக்கரமும் அப்படி ஒரு பாடம். ஹெரால்டில் இரண்டு பின்சக்கரமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். ஆனால் ஆக்சிலின் உள்பக்கம் மட்டுமே மடங்கும். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் தூக்கி, சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். கஸலில் இதை விட்டுவிட்டு ஒரே கட்டை ஆக்சில் போட்டார்கள். பழைய ஹெரால்டுக்காரர்கள், "வளைவுக்கு முன்னாடியே ஸ்பீடைக் கொறச்சிடு, வளைவுக்குள்ள கொறைக்காதே" என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

இவர்கள் ஒன்றுகூடுகிற திருவிழாதான் ராலி. லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை ஊர் வரை வருஷா வருஷம் நவம்பர் முதல் ஞாயிறன்று நடப்பது உலகப் புகழ் பெற்றது. அதில் 1905-க்கு முன் செய்த வண்டிகள்தான் கலந்துகொள்ளலாம். காரணம் என்ன? 1896-க்கு முன் இங்கிலாந்தில் மோட்டார் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோக வேண்டும் என்று சட்டம் இருந்தது! அந்தச் சட்டம் நீங்கியதைக் கொண்டாட 1896 நவம்பர் 14-ம் தேதி கார்கள் பிரைட்டனுக்கு ஓடின. அதன் ஞாபகமாக 1927-ல் மறுபடி தொடங்கியதுதான் இன்றைய ஓட்டம். அங்கே யார் முதலில் வந்தார் என்பது கணக்கே இல்லை. வந்து சேர்ந்தாலே வெற்றி. நடுவழியில் நின்றுபோனால் பின்னால் வருகிறவர் இறங்கி வந்து ஸ்பேனர் நீட்டுவார்.

நம் நாட்டில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தும் ராலி 1960களிலிருந்து பேர்போனது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. கோவை அவினாசி ரோட்டில் 2015-ல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. விஞ்ஞானி ஜி.டி. நாயுடு குடும்பத்தார் அமைத்தது. நண்பர்களே, சினிமாவுக்குச் செலவழிக்கிற பஸ் காசில் ஒருநாள் அங்கே போய் வாருங்கள். புத்தகத்தில் கோடாகப் பார்த்ததை எல்லாம் அங்கே இரும்பாகப் பார்க்கலாம்.

சிரமம் இல்லாமலா?

சுகத்தை மட்டும் சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும். சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, துரு. இதுதான் முதல் எதிரி. மேலே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துப் பளபளவென்று விற்பார்கள். அடியில் சேஸி அரித்துப் போயிருக்கும். பழைய கார் வாங்குகிறவர் முதலில் கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். ஹெரால்டில் பாகங்கள் போல்ட் போட்டவை என்பதால் கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம். எல்லாக் காருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

இரண்டு, பெட்ரோல். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். அது எக்ஸாஸ்ட் வால்வு உட்காருகிற இடத்தில் மெல்லிய பூச்சாகப் படிந்து, தேயாமல் காத்தது. ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்று 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் பழைய ஹெட்டுகளுக்குக் கெட்டிப்பட்ட வால்வு சீட்டைப் பதித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இப்போது அடுத்த பரீட்சை எத்தனால். 2025-க்குள் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பர் டியூபையும் வாஷரையும் ஊறவைத்துக் கெடுக்கும். டியூபில் விரிசல் விட்டு, சூடான என்ஜின் மேலே பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்குகிற டியூபாக எல்லாவற்றையும் மாற்றிவிடுவதும், வண்டியை மாதக்கணக்கில் டாங்க்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைக்காததும்தான் வழி.

மூன்று, பாதுகாப்பு. இந்தக் கார்களில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. ஆரம்ப கால வண்டிகளில் சீட் பெல்ட்டே இல்லை. புகையும் இன்றைய காரைவிட அதிகம்தான். அதனால் எல்லோரும் பழைய காரிலேயே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, நல்ல ரோட்டில், நிதானமாக. அதுதான் அதற்கு மரியாதை.

நமக்கென்ன?

"இதெல்லாம் பணக்காரங்க பொழுதுபோக்குடா, நாம பஸ் பாசுக்கே லைன்ல நிக்கிறோம்" என்று என் ரூம்மேட் சொல்கிறான். அவன் சொல்வது பாதி நிஜம். கார் அவர்களுடையதுதான். ஆனால் கார் மட்டும் இருந்தால் அது ஓடுமா? ஓட வைக்கிற கை யாருடையது? டிங்கர் கை, லேத்துக்காரர் கை, கார்புரேட்டர் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் கை. கிடைக்காத பாகத்தை லேத்தில் போட்டுக் கடைந்து கொடுக்கிறவர் இல்லையென்றால் லட்ச ரூபாய் கார் வெறும் தகரம்.

அந்தக் கைகளுக்கு எல்லாம் இப்போது வயதாகிறது. எங்க மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவர் பையன் மொபைல் கடை வைத்திருக்கிறான். அவருக்குத் தெரிந்தது எந்த நோட்டிலும் இல்லை. நான் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதி வருகிறேன். டிரன்னியனுக்கு எந்த ஆயில், எந்த சத்தம் எதனால், எந்த பேரிங்குக்கு எது பொருந்தும் என்று எல்லாம் தேதி போட்டு எழுதுகிறேன். "என்னத்தப் போய் எழுதுற தம்பி, இது கைப்பழக்கம்" என்று சிரிக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் போகாவிட்டால், "நோட்டு எங்க காணோம்?" என்று போன் பண்ணுகிறார்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை எலெக்ட்ரிக் கார் கம்பெனிகளில் வேலைக்குப் போவோம். போகத்தான் வேண்டும். வீட்டுக்கடன் இருக்கிறது, தங்கச்சி படிப்பு இருக்கிறது. ஆனால் போவதற்கு முன் நம்ம ஊரிலேயே ஒரு பழைய பட்டறையில் நாலு ஞாயிறு நின்று பாருங்கள். என்ஜினைத் தொட்டு, முகர்ந்து, கேட்டுப் படியுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். நம் கல்லூரி ஆட்டோ லேபிலும் யாராவது பழைய கார்க்காரர் சம்மதித்தால், வருஷத்துக்கு ஒருநாள் அவர் வண்டியைக் கொண்டுவந்து பிரித்துப் பூட்டிக் காட்டச் சொல்லலாம். நம் மாணவர் மன்றம் இதைக் கேட்டு ஆவன செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கார் வாங்கப் பணம் வேண்டும். காரைத் தெரிந்துகொள்ள ஃபீலர் கேஜும் பொறுமையும் போதும். அந்தச் சுகம் நமக்கும் எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது!